சாவி யாரிடம்? தனிநபர் இணையதளமும் கட்டற்ற மென்பொருளும்

‘எல்லாந்தான் ஓசியில கெடைக்குதே தோழர், இதுல தேர்ந்தெடுக்க என்ன இருக்கு?’ சிற்றிதழ் ஒன்றை 11 இதழ்கள் வரை கொண்டுவந்து நிறுத்திய மூத்த நண்பர் கேட்டது இது. இந்தக் கேள்விக்கான பதில் அவர் கையிலேயே இருந்தது. அதை அவர் பதிலாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவர் எழுதிய 40 சொச்சம் கட்டுரைகள் ஓர் இலவசத் தளத்தில் கிடந்தன. ஒருநாள் அந்தத் தளம் கடையைச் சாத்திவிட்டுப் போனது. முன்னறிவிப்பு வந்ததாம், அவர் பல வருஷமாகத் திறக்காத ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு. மிஞ்சியவை அச்சில் வந்த 17 கட்டுரைகள். அவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்து அவருக்கென ஒரு சிறு இணையதளம் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எந்த மென்பொருளைக் கொண்டு கட்டுவது என்பதில் சுமார் இரண்டு மாதம் தடுமாறினேன். இக்கட்டுரை அந்தத் தடுமாற்றத்திலிருந்து எழுகிறது.

1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்த காலந்தொட்டு ஆங்கிலத்தில் ஒரு குழப்பம் தொடர்ந்துவருகிறது. விலையில்லாததற்கும் விடுதலையுடையதற்கும் அங்கே ஒரே சொல். தமிழில் நமக்கு இரண்டு சொற்கள்: ‘இலவசம்’, ‘கட்டற்றது’. சொல் கிடைத்த திருப்தியில் நாம் யோசிப்பதை நிறுத்திவிட்டோமோ என்று தோன்றுகிறது. ஒரு மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே பிரித்துப் படித்து மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குத் தரலாம், மாற்றியதையும் பரப்பலாம். இந்த நான்கு உரிமைகளும் இருந்தால் அது கட்டற்றது. நண்பருடைய இலவசத் தளம் இவற்றில் ஒன்றையும் தரவில்லை. குந்த இடம் தந்தது, பிறகு எழுப்பிவிட்டது. இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸை 1999-ல் யாஹூ வாங்கியது. 2009-ல் அமெரிக்காவில் அது மூடப்பட்டபோது, சாதாரண மனிதர்கள் கையால் கட்டிய எண்ணற்ற பக்கங்கள் இடம் இழந்தன. ஆர்வலர்கள் ஓடி ஓடிப் படியெடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது.

ஆக, இலவசத் தளங்களை ஒதுக்கிவிட்டு, கட்டற்ற மென்பொருள்களுக்குள்தான் தேட வேண்டும். அங்கே எப்படித் தேர்வது? தொழில்நுட்பக்காரர்கள் வேகம், பாதுகாப்பு, வசதி என்று பட்டியல் போடுவார்கள். நமக்குத் தெரிந்தது பிரதியை வாசிப்பது. வோல்ஃப்காங் ஐசர் ஒவ்வொரு பிரதியும் தனக்குள் ஒரு வாசகரை உட்கொண்டிருக்கிறது என்றார். மென்பொருளும் அப்படித்தான். ‘என்னைப் பயன்படுத்துகிறவன் இன்னார்’ என்ற ஒரு கற்பனையை உள்ளுக்குள் வைத்துக்கொண்டுதான் அது எழுதப்படுகிறது. அந்த இன்னாரில் நாம் இருக்கிறோமா? நாம் எழுதியதை அது எங்கே கொண்டுபோய் வைக்கிறது? கேட்க வேண்டியவை இவை.

முதலில் வேர்ட்பிரஸ். உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. இதன் பிறப்பே கட்டற்ற உரிமத்தின் பயன். ‘பி2’ என்றொரு மென்பொருள் பராமரிப்பாரின்றிக் கிடந்தபோது, 2003-ல் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். உரிமம் அதற்கு வழிவிட்டது. தமிழிலேயே இடைமுகம் உண்டு, கைபேசியிலேயே எழுதி ஏற்றலாம். நம்மில் பலர் கைபேசியில்தான் எழுதுகிறோம் என்பதால் இதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. நானும் முதலில் இதில்தான் கட்டினேன்.

முதல் உறுத்தல் ஒரு தலைப்பில் வந்தது. நண்பரின் கட்டுரை ஒன்றின் பெயர் ‘தன்வரலாறும் தலித் அரசியலும்’. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானாக உண்டாக்கிய முகவரியில் ‘தன்வரலாறும்-தலித்-அரசியல’ என்று நின்றது. கடைசி ‘உம்’ காணவில்லை. எண்ணும்மையில் பாதியைத் தின்றுவிட்டது என்று சிரித்துவிட்டு, காரணத்தைத் தேடினேன். முகவரிக்கு அது ஒதுக்கியிருப்பது 200 எழுத்திடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓரிடம் போதும். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்திடமாகி, மொத்தம் ஒன்பது இடத்தைப் பிடிக்கிறது. ‘க’வுக்கு ஒன்பது, அதன் தலைமேல் வைக்கும் புள்ளிக்குத் தனியாக ஒன்பது. 22 குறி தாண்டினால் கத்திதான். கையால் சுருக்கி எழுதிக்கொள்ளலாம், பெரிய சேதமில்லை. ஆனால் 200 என்று யாரோ தீர்மானித்த நேரத்தில் அவர் மனதில் இருந்த எழுதுகிறவர் எந்த மொழிக்காரர் என்பது வெளிப்படை. வஞ்சகம் ஒன்றுமில்லை. நாம் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே. விளிம்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் உற்பத்தியாகிறது.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. 2024 செப்டம்பரில் முல்லன்வெக்குக்கும், வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் ‘டபிள்யூபி என்ஜின்’ நிறுவனத்துக்கும் மோதல் வெடித்தது. வணிகப் பெயரைப் பயன்படுத்துவதற்காக வருவாயில் 8 சதவீதம் கேட்கப்பட்டது. பின்னர் வேர்ட்பிரஸின் பொதுத் தளத்திலிருந்து புதுப்பிப்புகளையும் செருகுநிரல்களையும் பெறும் வழி அந்த நிறுவனத்துக்கு அடைக்கப்பட்டது. அதனிடம் குடியிருந்த, சண்டையில் சம்பந்தமே இல்லாத தளக்காரர்களும் மாட்டிக்கொண்டார்கள். அக்டோபரில் அந்த நிறுவனத்தின் செருகுநிரல் ஒன்றையே வேர்ட்பிரஸ் தரப்பு பெயர் மாற்றித் தன்வசம் எடுத்துக்கொண்டது. டிசம்பரில் கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து நிறுவனத்தின் வழியைத் திறந்துவிடச் சொன்னது. இந்தச் சண்டையின் நடுவேதான் பலருக்கும் உறைத்தது: புதுப்பிப்புகள் வந்துசேரும் அந்தப் பொதுத் தளம் அறக்கட்டளைக்குச் சொந்தமானதில்லை, முல்லன்வெக் என்ற தனிநபரின் கையில் இருப்பது.

இரண்டு பக்கமும் முதலாளிகள், நமக்கென்ன என்று விட்டுவிடலாம். டபிள்யூபி என்ஜினுக்காகக் கண்ணீர் விட எனக்கும் எண்ணமில்லை. ஆனால் இந்த மாதவிடாத அமைப்பு நமக்குப் பழக்கமானதுதான். ஊர்க்கோயில் எல்லாருக்கும் பொது என்று ஏட்டில் இருக்கும். சாவி மட்டும் ஒரு வீட்டில் தொங்கும். ஜிபிஎல் உரிமத்தின் ஒரு வரிகூட இந்த மோதலில் மீறப்பட வேண்டியிருக்கவில்லை. மூலநிரல் அனைவருக்கும் திறந்தே கிடந்தது, கதவு மூடப்பட்டது வேறிடத்தில். உரிமப் பத்திரத்தை மட்டும் வாசித்து விடுதலையை அளக்கிற நம் பழக்கத்துக்கு இது ஒரு அடி. ‘புடிக்கலைன்னா பிரிச்சு எடுத்துட்டுப் போ, உரிமைதான் இருக்கே’ என்பார்கள். 2018-ல் புதிய தொகுப்பான் பிடிக்காதவர்கள் ‘கிளாசிக்பிரஸ்’ என்று பிரிந்துபோனதும் உண்மை. கூட்டமாக இருப்பவர்களுக்கு அது சரி. 17 கட்டுரை வைத்திருக்கும் ஒற்றை ஆள் எதைப் பிரித்துக்கொண்டு எங்கே போவார்?

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுபவை நிலைத்தள உருவாக்கிகள். 2008-ல் வந்த ஜெகில், 2013-ல் வந்த ஹ்யூகோ போன்றவை. இவற்றில் தரவுத்தளம் கிடையாது. கட்டுரை ஒவ்வொன்றும் வெறும் உரைக்கோப்பாக உங்கள் கணினியிலேயே இருக்கும். மென்பொருள் அதை வாங்கி இணையப் பக்கமாக வார்த்துத் தரும், அந்தப் பக்கத்தை எந்த வழங்கியிலும் கொண்டுபோய் வைக்கலாம். வேர்ட்பிரஸில் கட்டுரை தரவுத்தள அட்டவணைக்குள் ஒரு வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏற்றுமதி செய்தால்தான் வெளியே வரும். இங்கே வெளியேற வேண்டிய அவசியமே இல்லை, பிரதி நம் வீட்டைவிட்டுப் போகவே இல்லை. கோட்பாட்டளவில் இதுதான் நான் தேடியது.

ஆனால் இதன் உள்ளுறை வாசகர் யார்? ஜெகிலை உருவாக்கியவர் அதை அறிமுகப்படுத்தி எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பின் பொருள் ‘ஹேக்கரைப் போல வலைப்பதிவு எழுதுதல்’. மறைக்கவே இல்லை, பாராட்ட வேண்டும். ஹ்யூகோவை வைத்துக்கொண்டு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கறுப்புத் திரையில் ஆங்கிலக் கட்டளை, நான் இறக்கிய வார்ப்புருவுக்கும் ஹ்யூகோவின் பதிப்புக்கும் ஒத்துப்போகாமை, பிழைச்செய்தியைப் புரிந்துகொள்ள இன்னொரு ஆங்கிலப் பக்கம். தமிழ் எம்.ஏ.க்காரனுக்கு இது நன்னூல் சூத்திரத்தைவிடக் கடுமை என்று சொன்னால் நம்புங்கள். நாலாம் நாள் தளம் எழுந்தது. எழுந்ததும் ஒன்று புரிந்தது: இனி நண்பர் ஒரு காற்புள்ளியை மாற்ற வேண்டுமானாலும் எனக்குத்தான் போன் போட வேண்டும். சாவி இப்போது என் வீட்டுக்கு வந்துவிட்டது. அதிகாரத்தைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவன் நான். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று உதவியது. 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவி பக்கங்களைக் காட்டுவதோடு நிற்கவில்லை, அதிலேயே பக்கங்களை எழுதவும் திருத்தவும் முடிந்தது. 1993 ஏப்ரலில் செர்ன் ஆய்வகம் வலையின் நிரலைப் பொதுச்சொத்தாக்கியது. அதற்குள் பரவத் தொடங்கியிருந்த உலாவிகளோ வாசிக்க மட்டுமே ஆனவை. வாசிப்புக்குரிய பிரதி, எழுதுதற்குரிய பிரதி என்று ரொலான் பார்த் பிரித்ததை நாம் நாவலுக்கும் கவிதைக்கும் மட்டுமே பொருத்திப் பார்த்தோம். வலையில் அந்தப் பிரிவினை ஒரு கருவியைப் பாதியாக வெட்டியதில் நடந்தது. எழுதும் பாதி நிபுணர்களிடமும் நிறுவனங்களிடமும் போய்ச்சேர்ந்தது.

ஆகவே ஹ்யூகோவையும் அழித்தேன். எளிய உரைத்தொகுப்பான் ஒன்றில், கையாலேயே எச்டிஎம்எல் எழுதினேன். மொழி தமிழ் என்று ஓர் அறிவிப்பு, யுடிஎஃப்-8 என்று ஓர் அறிவிப்பு, தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி. ஒரு கட்டுரைக்கு ஏழெட்டு விதமான குறிகள் போதுமாக இருந்தன. குறைகள் உண்டு. தேடும் வசதி இல்லை, பதினெட்டாவது கட்டுரை வந்தால் பொருளடக்கத்தைக் கையால் திருத்த வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் இதழுக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். அவர்கள் வேர்ட்பிரஸே வைத்துக்கொள்ளட்டும், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து இரண்டு பேர் வீட்டில் வைக்கட்டும். மென்பொருள் எதுவானாலும் நிலம் குத்தகைதான் என்பதையும் மறக்கக்கூடாது: டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்களை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிவு செய்ய முடியும்.

வெறும் உரையின் பலத்துக்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைப் பழைய எழுத்துரு முறையிலிருந்து டிஸ்கிக்கும், பிறகு ஒருங்குறிக்கும் மாற்றிக்கொண்டு இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. உரையாக இருந்ததால் மாற்ற முடிந்தது. நம் சிற்றிதழ்களில் பல பழைய எழுத்துருவில் பூட்டிய பிடிஎஃப் கோப்புகளாகக் கிடக்கின்றன. ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டிப் பாருங்கள், என்ன வருகிறதென்று.

போன மாதம் நண்பர் வந்தபோது மொத்தத் தளத்தையும் ஒரு பென்டிரைவில் கொடுத்தேன். இணையம் இல்லாத அவருடைய பழைய கணினியிலேயே திறந்தது. மூன்றாவது கட்டுரையில் ஓர் ஒற்றுப்பிழையைக் காட்டினார். கோப்பை நோட்பேடில் திறந்து, ‘இந்தக் குறிகளைத் தொடாம நடுவுல மட்டும் திருத்துங்க’ என்றேன். திருத்தினார். அடுத்த வாரம் மேலும் இரண்டு கோப்புகள் அனுப்பியிருந்தார். ஒன்றில் என் தட்டச்சுப் பிழை. மற்றதில் 2004-ல் அச்சான ஒரு பத்தியையே தூக்கிவிட்டு வேறு எழுதியிருக்கிறார். பழையதை அடியில் வைத்துக்கொண்டு புதியதை ஏற்றலாமா, இல்லை அப்படியே மாற்றிவிடலாமா என்று நாங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.