ஒரே அடித்தளம், இரண்டு கார்கள்

ஹூண்டாய் அயோனிக் 5, கியா இவி6 இரண்டும் ஈ-ஜிஎம்பி என்னும் ஒரே 800 வோல்ட் அடித்தளத்தில் 2021இல் வெளிவந்த மின்கார்கள். 350 கிலோவாட் சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80ஐ எட்ட இரண்டுக்கும் சுமார் 18 நிமிடம் போதும். வடிவமைப்பில்தான் வழி பிரிகிறது. நேர்க்கோடுகளும் சின்னச் சின்னச் சதுர விளக்குகளும் அயோனிக்கின் அழகு, 3,000 மி.மீ. சக்கர இடைவெளியும் மேடில்லாத தரையும் உள்ளே கூடம்போல் இடம் தருகின்றன. இவி6இன் இடைவெளி 2,900 மி.மீ.; கூரை தாழ்ந்து பின்னால் சரிகிறது. இரண்டின் அகலமும் சுமார் 1,890 மி.மீ.; சென்னை அசோக் நகர் நூறடிச் சாலையில் தாராளம், உள்தெருக்களில் நிதானம் வேண்டும். இந்தியாவுக்கு இவி6 முழுமையாக இறக்குமதியானது; அயோனிக் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அசெம்பிள் செய்யப்பட்டது. குடும்பப் பயணத்துக்கு அயோனிக், ஓட்டும் சுகத்துக்கு இவி6.