ஓநாய்க் குட்டியும் ஒரே உடம்பும்

காலையில் பல் தேய்ப்பதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு பொன்மொழி வந்து விழுகிறது. பின்னணியில் ரோஜாப்பூ. கீழே 'பாரசீகக் கவி சாஅதி' என்று பெயர். உங்களுக்கும் வந்திருக்கும். நாலு பேருக்குத் தள்ளியும் விட்டிருப்பீர்கள். (பெயரின் நடுவே அந்த 'அ' அவசியம். இல்லையென்றால் நம் ஊரில் வேறு அர்த்தம் வந்து தொலைக்கும்.)

ஆசாமி யார் என்று பார்த்துவிடலாமே என்று திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் 'குலிஸ்தான்' ஒன்று வாங்கினேன். ரோஜாத் தோட்டம் என்று அர்த்தம். ரெஹாட்செக் என்பவரின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. 1888-ல் இதை முதலில் வெளியிட்டது யார் தெரியுமா? காமசூத்திரத்தை இங்கிலீஷில் கொண்டுவந்த அதே காமசாஸ்திர சங்கம்! நீதி நூலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்தால் புரியும்.

நான் பி.காம். கவிதையைவிடக் கணக்கு சீக்கிரம் புரியும். அதனாலோ என்னவோ, என்னை முதலில் பிடித்து இழுத்தது கிஷ் தீவு வியாபாரியின் கதைதான். 150 ஒட்டகம், 40 வேலைக்காரர்கள். ஒரு ராத்திரி முழுக்க சாஅதியை உட்காரவைத்து, தூங்க விடாமல் பேசுகிறார். இன்னும் ஒரே ஒரு பயணம்தான் பாக்கியாம். பாரசீகத்துக் கந்தகத்தைச் சீனாவில் விற்பது, சீனப் பீங்கானை ரூம் நாட்டுப் பக்கம் விற்பது, அங்கத்திய பட்டை இந்தியாவில், இந்திய எஃகை அலெப்போவில், அலெப்போக் கண்ணாடியை ஏமனில், ஏமன் துணியைத் திரும்பப் பாரசீகத்தில். அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு கடையில் நிம்மதியாக உட்கார்ந்துவிடப் போகிறாராம். சும்மா சொல்லக் கூடாது, ஒரு திசையில்கூட ஒட்டகம் காலியாகத் திரும்பாத திட்டம். என் காலேஜ் வாத்தியார் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். ரிட்டயர் ஆவதற்கு முன் 'இன்னும் ஒரே ஒரு ஃபிளாட்' என்று சொல்லும் ஆட்களை உங்களுக்கும் தெரியும்.

இந்த மனுஷருக்கு நையாண்டி ரத்தத்திலேயே இருக்கிறது. சிலுவைப் போர்க்காரர்களிடம் கைதியாகி மண் சுமந்தபோது, அலெப்போக்காரர் ஒருவர் 10 தினார் கொடுத்துத் தன்னை மீட்டாராம். பிறகு 100 தினார் மஹர் பேசித் தன் பெண்ணையே கட்டிவைத்தாராம். வாய்த்துடுக்கான அந்தப் பெண், என் அப்பா பத்து தினாருக்கு வாங்கிய ஆள்தானே நீ என்று குத்திக்காட்ட, ஆமாம், பத்துக்கு வாங்கி உன்னிடம் நூறுக்கு விற்றுவிட்டார் என்கிறார் இவர். நிஜமாக நடந்ததா என்று ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம். சோமநாதபுரத்துக்கே வந்ததாக 'பூஸ்தான்' என்ற இன்னொரு நூலில் எழுதியிருக்கிறார். அங்கே பிராமணர்களைப் பாரசீக அக்னி வழிபாட்டுக்காரர்களோடு போட்டுக் குழப்பியிருக்கும் அழகைப் பார்த்தால் எனக்கும் சந்தேகம்தான்.

சிரித்துக்கொண்டே போகும்போது தேதி உறுத்துகிறது. குலிஸ்தான் 1258-ல் எழுதப்பட்டது. அதே வருஷம் பிப்ரவரியில்தான் ஹுலாகுவின் மங்கோலியப் படை பாக்தாத்தைச் சூறையாடி, கலீபாவைக் கொன்றது. சாஅதி படித்த ஊர் அது. கொல்லப்பட்ட கலீபாவுக்கு இரங்கற்பாவும் எழுதியவர் அவர். அவருடைய ஷிராஸ் நகரமோ மங்கோலியருக்குக் கப்பம் கட்டித் தப்பித்துக்கொண்டிருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் கதையைப் படியுங்கள். மரண தண்டனை பெற்ற கைதி, தன் பாஷையில் அரசனைத் திட்டுகிறான். என்ன சொல்கிறான் என்று அரசன் கேட்க, கோபத்தை அடக்குகிறவர்களைப் புகழ்கிறான் என்று பொய் சொல்கிறார் ஒரு மந்திரி. கைதி பிழைக்கிறான். இன்னொரு மந்திரி உண்மையைப் போட்டு உடைக்கிறார். உன் உண்மையைவிட அவர் பொய் எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறான் அரசன். இதே புத்தகத்தின் எட்டாம் அத்தியாயத்தில், பொய் என்பது வெட்டுக்காயம் மாதிரி, ஆறினாலும் தழும்பு போகாது என்கிற பொருளில் ஓர் அறிவுரை வருகிறது! எதை எடுத்துக்கொள்வது? கத்தி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது. அரசர்களுக்குப் பக்கத்தில் உயிரோடு இருக்கக் கற்றுக்கொண்டவரின் புத்தி இது. எனக்கு இதில் ஆட்சேபமில்லை.

ஆட்சேபம் நாலாவது கதையில். கொள்ளைக் கூட்டம் பிடிபடுகிறது. மீசை முளைக்காத ஒரு பையனுக்காக மந்திரி மன்றாடி, அவனை வளர்க்கிறார். இரண்டு வருஷத்தில் அவன் மந்திரியையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் கொன்றுவிட்டுக் கொள்ளையனாகவே போய்விடுகிறான். ஓநாய்க் குட்டி மனிதரோடு வளர்ந்தாலும் ஓநாய்தான் என்பது கதையின் தீர்ப்பு.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு தடவை சைக்கிள் காணாமல் போனது. அப்பா ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்பதற்காக, கார் துடைக்கும் பையனை நிற்கவைத்து விசாரித்தோம். 'விதை எப்படியோ செடி அப்படி' என்று ஒரு பெரியவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை, நானும்தான். சைக்கிள் மூன்றாம் நாள் டியூஷன் சென்டர் வாசலில் கிடைத்தது. ஓட்டிப்போன எங்கள் ஃபிளாட் பையனே மறந்துவிட்டு வந்திருந்தான். அவன் விதையைப் பற்றி யாரும் பேசவில்லை. கார் துடைக்கும் பையன் அடுத்த மாசத்திலிருந்து வரவில்லை.

சாஅதியின் கதையில் மோசடி எங்கே இருக்கிறது தெரியுமா? கொன்ற ஒரு பையனை வைத்து எல்லோருக்கும் கணக்கு எழுதிவிடுகிறார். ஒரு வவுச்சரை வைத்துக்கொண்டு மொத்த லெட்ஜரையும் முடிக்கும் ஆடிட்டரை யார் நம்புவார்கள்?

ஆறு கதை தள்ளி, அதே அத்தியாயத்தின் பத்தாவது கதையில்தான் அவருடைய உலகப் புகழ்பெற்ற வரிகள் வருகின்றன. மனிதர் எல்லோரும் ஒரே உடம்பின் உறுப்புகள் என்கிற வரிகள். 2009-ல் ஒபாமா தன் நவ்ரோஸ் வாழ்த்தில் எடுத்துச் சொன்னார். ஈரான் ஐ.நா.வுக்குப் பரிசளித்த கம்பளத்தில் நெய்திருக்கிறார்கள். உங்கள் வாட்ஸ்அப் ரோஜாவின் மேலும் அதுதான்.

ஆனால் சாஅதி அதைக் கம்பளத்துக்காக எழுதவில்லை. டமாஸ்கஸ் மசூதியில், யஹ்யா நபியின் சமாதிக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கொடுங்கோலன் என்று பேரெடுத்த ஓர் அரபு அரசன் வந்து, பலமான எதிரி ஒருவனைக் கண்டு பயமாக இருக்கிறது, எனக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்கிறான். முதலில் உன் எளிய குடிகள் மேல் இரக்கம் வை, அப்புறம் எதிரியைப் பற்றிக் கவலைப்படலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் அந்த வரிகளைச் சொல்கிறார். கத்தியைக் கையில் வைத்திருப்பவனிடம், இந்தத் தடவை பொய் இல்லாமல்.

அரசன் என்ன பதில் சொன்னான் என்று தேடிப் பார்த்தேன். கதை அந்த வரிகளோடு நின்றுவிடுகிறது. அடுத்த பக்கத்தில் வேறு ஊர், வேறு கொடுங்கோலன்.