ரசீது இல்லாத துப்பாக்கி

மைக்கேல் மூரின் ‘பௌலிங் ஃபார் கொலம்பைன்’ 2002இல் வெளிவந்தது. அடுத்த வருஷம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் கடைசிக் காட்சியைத்தான் சொல்வார்கள். துப்பாக்கிச் சங்கத்தின் தலைவராக இருந்த நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன், கேள்விக்குப் பதில் சொல்லாமல் தன் வீட்டிலேயே எழுந்து நடந்துபோகும் காட்சி அது. எனக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது. வயதான ஒரு மனிதரை அவர் வீட்டுக்குள்ளேயே போய் மடக்குவது சுலபம். படத்தின் உயிர் கேமார்ட் காட்சியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் காட்சியில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில் பிறந்தவன் என்பதால் அந்த ஓட்டை என் கண்ணில் முதலில் படுகிறது.

காட்சி இதுதான். 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஒரு ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். தோட்டாக்களை வாங்கியது கேமார்ட் கடையில். அன்று குண்டடிபட்டுப் பிழைத்த இரண்டு பையன்களை மூர் அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறார். ஒருவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். “உங்கள் சரக்கு எங்கள் உடம்புக்குள் இருக்கிறது, திருப்பித் தர வந்திருக்கிறோம்” என்பதுதான் அவர்கள் சொல்வதன் சாரம். அதிகாரிகள் வருகிறார்கள், போகிறார்கள், காக்க வைக்கிறார்கள். மூர் பக்கத்துக் கேமார்ட் கடைக்குப் போய் இருக்கிற தோட்டாக்களை வாங்கிக்கொண்டு, மறுநாள் பத்திரிகைக்காரர்களோடு திரும்பி வருகிறார். இந்தமுறை ஒரு பெண் அதிகாரி வந்து அறிக்கை வாசிக்கிறார்: 90 நாளில் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையை நிறுத்திவிடுவோம். மூருக்கே நம்ப முடியவில்லை.

பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அமெரிக்கப் பாராளுமன்றத்தில் கிடைக்காத ஒன்று கடையின் ‘ரிட்டர்ன்’ கவுண்டரில் கிடைத்திருக்கிறது. குடிமகனாக நின்றபோது அந்தப் பையன்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. வாடிக்கையாளராக, அதுவும் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவந்த வாடிக்கையாளராக நின்றபோது ஆள் வந்தது. மூர் இதை வெற்றியாகக் காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார். இது எவ்வளவு பெரிய தோல்வி என்று நின்று கேட்கவில்லை. கடைக்காரர் மனசு வைத்து நிறுத்தியதை நாளைக்கு அதே கடைக்காரர் மறுபடியும் விற்கலாம். பக்கத்துக் கடையில் அன்றைக்கும் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு சட்ட வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்புக்கென்று ஓர் ஆணையம் 1972இல் உருவானது. ரொட்டி சுடும் மெஷின், தொட்டில், பொம்மை என்று எதில் ஆபத்து இருந்தாலும் திரும்பப் பெற வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் துப்பாக்கியும் தோட்டாவும் அதன் கைக்கு எட்டாதவை. பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்று மத்திய சட்டம் சொல்கிறது. நிஜத் துப்பாக்கியில் பழுது இருந்தால் திரும்பப் பெறு என்று அந்த ஆணையம் உத்தரவு போட முடியாது. 2005இல் வந்த இன்னொரு சட்டம், துப்பாக்கியை வாங்கியவன் குற்றம் செய்தால் தயாரித்தவர்மீதும் விற்றவர்மீதும் வழக்குப் போடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. ஒரு பொருள் ‘உரிமை’ என்று ஆகிவிட்டால் அதன்மேல் புகார் சொல்ல இடம் இல்லாமல் போகிறது. படம் தொட்டிருக்க வேண்டிய இடம் இது.

என்னோடு திருப்பத்தூரில் கல்லூரி படித்த நண்பன் ஒருவன் டெக்சாஸில் இருக்கிறான். குடியுரிமை வாங்கிவிட்டான். ஜூலை 4ஆம் தேதி வந்தால் வாசலில் கொடி நட்டுப் படம் அனுப்புவான். அவன் வெறும் படம் காட்டுகிறவன் இல்லை, அந்த நாட்டின்மேல் அவனுக்கு நிஜமான நன்றி இருக்கிறது. குடியுரிமை உறுதிமொழியில், சட்டம் கேட்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவேன் என்று ஒரு வரி வருகிறது. அதைச் சொல்லும்போது உடம்பு சிலிர்த்தது என்றான். பிறகு ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கினான். “2021 செப்டம்பர்லேர்ந்து இங்க கையில எடுத்துட்டுப் போறதுக்கு லைசென்ஸே வேணாம்டா மச்சான்” என்று போனில் சொன்னான். அதே போனில் முக்கால் மணி நேரம் அவன் பேசியது புது ஃபிரிட்ஜைப் பற்றி. ஐஸ் உறையவில்லையாம். நாலு தடவை ஆள் மாற்றி ஆள் பேசி, கடைசியில் வேறு ஃபிரிட்ஜ் வந்ததாம். “இந்த நாட்டுல கஸ்டமர்தான் ராஜா, தெரியுமில்ல?”

நான் கேட்டேன்: “ஃபிரிட்ஜுக்கு ராஜா, சரி. பக்கத்து வீட்டுக்காரன் துப்பாக்கி உம் பொண்ணு படிக்கிற ஸ்கூலுக்கு வந்துச்சின்னா யாருக்குடா போன் போடுவ?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அதுக்குத்தான் நானும் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்” என்றான். அவனுடைய தேசபக்தி, உரிமை, பயம் மூன்றும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தன. மூர் ஒரு முழுப் படத்தில் துரத்தியதும் இந்த வாக்கியத்தைத்தான்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரின் பெயரிலேயே ‘நாடு’ இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டத்தின் மலைப்பகுதியில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று ஊராட்சிகள். நாடு என்றால் எங்களுக்குச் சில மலைக்கிராமங்களின் கூட்டு. ஆகவே நாட்டுப்பற்று என்ற சொல்லை எங்கள் மாமாக்களிடம் சொன்னால் சாமைக்கொல்லையும் மாட்டுப்பட்டியும்தான் மனசில் வரும். மலையடிவாரத்துச் செங்கம் பகுதியில் நிறைய நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. இரா. நாகசாமி 1972இல் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். பல்லவர் காலத்துக் கற்கள் பலவற்றில் ஒரு வீரன் வில்லோடு நிற்பான், அல்லது குறுவாளோடு. அவர்களில் பலர் செத்தது மாட்டு மந்தைக்காக. இந்தப் பக்கத்தில் ஆயுதத்துக்கும் பற்றுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது, அவ்வளவு சின்னது.

நாட்டுத் துப்பாக்கி என்பதும் அப்படித்தான். குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டு இடித்து, ஒரு வெடி வெடித்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு அரசாங்கத்தை எதிர்க்க முடியாது. காட்டுப்பன்றியை விரட்டலாம். முயல் அடிக்கிறவர்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. “பன்னி ஒரு ராத்திரி பூந்துச்சின்னா ஆறு மாசத்துச் சாமை போச்சிப்பா” என்பார் என் தாய்மாமன்.

இதைப் பற்றிச் சட்டம் சொல்வதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு அதிகாரி உரிமம் ‘வழங்க வேண்டும்’ என்கிறது. மறுப்பதற்கான காரணங்களும் சட்டத்தில் உண்டு. ஆனால் வழங்கலாம் என்று அங்கே எழுதவில்லை. அமெரிக்காவில் 1791இல் எழுதிய திருத்தத்தைப் பற்றி இரண்டு நூற்றாண்டாகச் சண்டை நடக்கிறது. எங்களுக்காகவே எழுதியது போன்ற இந்த வரியைப் பற்றி மலையில் ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. மலைக்குத் தெரிந்தது 25ஆம் பிரிவு. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை. அவ்வப்போது காவல்துறையும் வனத்துறையும் வந்து, தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிப்பார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கோயில் திடலிலோ புளியமரத்தடியிலோ துப்பாக்கியை வைத்துவிட்டுப் போவார்கள். அப்படிப் போட்டுவிட்டுப் போகிறவனுக்கு யார் ரசீது தருவார்கள்? அடுத்த வாரம் பன்றி வந்தால் யாரிடம் போவான்?

ரசீதுதான் எங்கள் மலையின் பெரிய பிரச்சினை. இரண்டு வருஷத்துக்கு முன் பன்றியை விரட்ட ஒரு சோலார் விளக்கு வாங்கிக்கொண்டு போனேன். ராத்திரியில் சிவப்பாக விட்டுவிட்டு எரியும், பன்றி மிரளும் என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்கு, “பில்லு போட்டா வரி சேரும் சார், நம்ம கடைதானே” என்றார். பதினோராவது நாள் அது எரியவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் வருஷத்துச் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கொல்லையிலிருந்து அந்த எண்ணை அடிக்க டவர் இல்லை. டவர் கிடைக்கிற பாறைக்கு ஏறிப்போய் அடித்தால், வாங்கியதற்கு என்ன ஆதாரம் என்பார்கள். விளக்கின் விலையை விடுங்கள். அதை நம்பி மாமன் இரண்டு ராத்திரி காவலுக்குப் போகாமல் தூங்கினார். சாமை போனது அந்த இரண்டு ராத்திரியில்தான்.

அரசாங்கத்திடம் போனாலும் இதே கதை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை நிவாரணம் தருகிறது. அதற்கு நிலம் யாருடையது என்று காட்ட வேண்டும். பட்டாதான் நிலத்தின் ரசீது. பாட்டன் காலத்திலிருந்து உழுதும் காகிதம் இல்லாதவர்களுக்காக 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதற்கும் காகிதம் எழுத வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு வரையறை கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். சமவெளிக்கு இது பொருந்தலாம். காடே வரப்பாக இருக்கிற எங்கள் கொல்லைகளுக்கு 3 கிலோமீட்டர் அப்பால் என்ற இடம் எங்கே இருக்கிறது? கேரளாவில் 2022இலேயே, பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தார்கள். உரிமம் உள்ளவரைக் கூப்பிட்டு, ஊராட்சியின் பொறுப்பில் சுடலாம். குடகில் கொடவர்களுக்கு 1861 முதல் உரிமத்திலிருந்தே விலக்கு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. துப்பாக்கி அவர்கள் பண்பாடு என்றார்கள். எங்களுடையது மட்டும் பறிமுதல் பட்டியலில் வருகிறது.

இப்படிச் சொல்வதால் மலை டெக்சாஸ் ஆக வேண்டும் என்று நான் கேட்பதாக நினைக்க வேண்டாம். இருட்டில் புதர் அசைந்ததைப் பார்த்துப் பன்றி என்று மனிதனைச் சுட்ட செய்திகள் தமிழ்நாட்டின் மலைகளிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. குடித்துவிட்டு வருகிறவன் வீட்டுச் சுவரில் துப்பாக்கி தொங்கினால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தூக்கம் ஏது? ஆனால் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டு வேறு வழி கொடுக்காவிட்டால் அவுட்டுக்காய் வரும், திருட்டு மின்வேலி வரும். அவை யானை, மாடு, மனிதன் என்று பார்ப்பதில்லை. 1930இல் காந்தி வைசிராய் முன்வைத்த 11 கோரிக்கைகளில் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் இருந்தது, மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலும் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஆயுத உரிமை இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதைத் திருத்தமாகக் கொண்டுவந்தார், சபை ஏற்கவில்லை. ஏற்காதது நல்லதுதான் என்பது என் எண்ணம். ஆயுதம் அடிப்படை உரிமை ஆகியிருந்தால் நாமும் மூரின் படத்துக்குள் போயிருப்போம். ஆனால் உரிமையாக்க மறுத்த அரசு, பொறுப்பைத் தான் எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. மலையில் அந்த வாக்கைத்தான் காணவில்லை.

எங்கள் மலையின் நினைவில் அழுந்திக் கிடக்கிற துப்பாக்கி எங்கள் வீட்டுத் துப்பாக்கியும் அல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்களை அந்த மாநிலப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துவைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். மலையில் பன்றி தின்ற கொல்லையை விட்டுவிட்டுக் கூலிக்குக் கிளம்புகிறவன் எந்தக் காட்டில் போய் நிற்கிறான் என்று பாருங்கள். அமெரிக்கத் தேசபக்தன், அரசின் துப்பாக்கிக்கு எதிராகத் தன்னிடம் ஒன்று இருக்க வேண்டும் என்பான். அந்த 20 பேரில் ஒருவன் கையில் நாட்டுத் துப்பாக்கி இருந்திருந்தாலும் யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள். சுட்டதற்குக் காரணம் மட்டும் இன்னும் வலுவாகக் கிடைத்திருக்கும். அவர்களுக்குத் தேவைப்பட்டது, சுட்டவன் பதில் சொல்ல வேண்டிய ஓர் இடம்.

மூர் தன் படத்தில், அமெரிக்கர்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று கேட்கிறார். கனடாவுக்குப் போய்ப் பூட்டாத கதவுகளைத் திறந்து பார்க்கிறார். நல்ல கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. பயந்தவன் யாரிடம் போய்ச் சொல்லலாம், சொன்னால் யார் எழுதிக்கொள்வார்கள் என்பது மீதிப் பாதி. அமெரிக்காவில் அதற்கு ஃபிரிட்ஜ் கடையின் கவுண்டர் இருக்கிறது, துப்பாக்கிக்கு இல்லை. எங்களுக்கு இரண்டும் இல்லை.

ஒன்றே ஒன்று இருக்கிறது, கிராமசபை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் அது கூடும். காலையில் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள், பிறகு ஜமுக்காளம் விரித்து மனு வாங்குவார்கள். எங்கள் தேசபக்தியும் எங்கள் புகாரும் ஒரே நாளில் வருவது தற்செயலாக இருக்கலாம், எனக்கு அது பிடித்திருக்கிறது. அங்கே இரண்டு தீர்மானம் எழுத வேண்டும் என்று மாமனிடம் சொல்லிவருகிறேன். 13ஆம் பிரிவின்படி ஊருக்கு இத்தனை உரிமம், ஊராட்சியின் கணக்கில், பூட்டிய பெட்டியில். காப்புக்காட்டை ஒட்டிய கொல்லைகளுக்குத் தனி வரையறை. அவர் கேட்டுவிட்டு, “எழுதறது சரிப்பா, எழுதிக் குடுத்ததுக்குச் சீட்டு குடுப்பாங்களா?” என்றார். சட்டம் படித்தவர்கள் பலருக்குத் தோன்றாத கேள்வி அது.