பட்டினப்பாலையின் சினைச்சுறவும் கடலுயிர் நலக் கண்காணிப்பும்

நெய்தல் திணைப் பாடல்களில் வரும் சுறா பெரும்பாலும் அச்சத்தின் அடையாளமாகவே ஆராயப்பட்டு வருகிறது. குறுந்தொகை 269ஆம் பாடலில் சுறா தாக்கிய புண் ஆறித் தந்தை மீண்டும் கடலுக்குச் செல்கிறான். தாய் உப்பை நெல்லுக்கு மாற்றச் சென்றிருக்கிறாள். தலைவன் வருதற்கு வழி பிறக்கிறது. அங்கு மீன் களவொழுக்கத்திற்குரிய ஒரு காரணம் மட்டுமே. அப்பாடலுக்கு இந்நோக்குப் போதும், பட்டினப்பாலைக்குப் போதாது.

முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாத பரதவர் சினையுடைய சுறாவின் கோட்டை மணலில் நட்டுத் தெய்வம் உறைவதாக வழிபட்டதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். இதனை வழிபாட்டு மரபுக்குச் சான்றாகக் காட்டுவதோடு பல ஆய்வுகள் நின்றுவிடுகின்றன. கோடு, சினை என்னும் இரு சொற்களும் விளக்கம் பெறாமலே கடந்து போகின்றன.

நட்டு நிறுத்தத்தக்க நீண்ட கோடு பொதுவான சுறாக்களுக்கு இல்லை; வேளா மீனுக்கே உண்டு. வேளாச்சுறா என வழங்கினும் அது திருக்கை இனத்தது. அதன் செவுள் பிளவுகள் உடலின் அடிப்பகுதியில் உள்ளன. சினை என்பதற்கு உறுப்பு, கிளை என்னும் பொருள்களும் உண்டு. ஆயினும் சுறவுக்கு அடையாக நிற்குமிடத்துக் கரு என்பதே பொருந்தும். வேளா முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுவது. ஈனுதற்குக் கழிமுகங்களையும் ஆழங்குறைந்த கரையோர நீரையும் நாடும். புகார் என்னும் பெயரே கழிமுகத்தைக் குறிப்பது. ஆகவே காவிரி கடலோடு கலக்குமிடத்தில் சினையுற்ற வேளா வலைப்பட்டது என்பது புலவரின் கற்பனையாக இருக்க வேண்டியதில்லை.

இதைக்கொண்டு பரதவர் மீன்வளம் காத்தனர் என்று முடிவு கட்டுவது மிகை. அவர்கள் நட்டது, கொல்லப்பட்ட தாய்மீனின் கோடு. அன்று கடலுக்குச் செல்லாமை விழாவின்பாற்பட்டது. பாடல் தருவது காப்பு நெறியன்று. கரைக்கு வந்த உடலைக் கூர்ந்து நோக்கிய அறிவு.

இன்றைய கண்காணிப்பும் பெருமளவு அத்தகைய உடலையே நம்பியிருக்கிறது. 1947இல் நிறுவப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மீன் இறங்குதளங்களில் சுறா, திருக்கைகளின் அளவு, பால், சினைநிலை முதலியவற்றைப் பதிவு செய்கிறது. இறந்த மீனின் நீளம் உயிருள்ள கூட்டத்தின் நலத்தை முழுமையாகச் சொல்லாது. மீனைப் பிடித்து, சிறிது குருதி எடுத்து, குறியிட்டு விடுவிக்கும் முறை அதனினும் மிகுதியாகச் சொல்லும். 2024இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரம் வேளாக்கள் சுழன்று சுழன்று இறந்தபோது 50க்கும் மேற்பட்ட இறப்புகள் கணக்கில் வந்தன. அவ்வினத்தை அங்கு முன்பிருந்தே தொடர்ந்து கவனித்து வந்தமை இதற்கு உதவியது.

இந்தியாவில் வேளா 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இத்தடை வேண்டப்படுவதே. எனினும் பல்நிறைந்த கோடு வலையில் எளிதில் சிக்குவது. தற்செயலாக அகப்பட்டதை அஞ்சாமல் அறிவிக்கும் வழி இல்லாத இடத்தில் இறங்குதளப் பதிவும் நின்றுபோகும். அந்நிலையில் எஞ்சுவது மீனவரின் நினைவும் சொல்லும். நெய்தல் ஆய்வாளர் மீன்பெயர்ப் பட்டியலோடு அமையாது, சினை, ஈற்றுக்காலம், மெலிவு, புண் ஆகியவற்றுக்கு இன்று கரையில் வழங்கும் சொற்களையும் தொகுக்க வேண்டும். வேளாவை உயிரோடு கண்ட முதியோர் சிலரே எஞ்சியிருப்பர்.