ஒரே பாதையில் உடன்வருபவை

செம்பவாங் பூங்காவின் படகுத்துறையில் தூண்டில் போடுபவர்களின் தலைக்கு மேல் வியாழன் நிற்கும் மாதங்கள் உண்டு. நகர வெளிச்சம் பெரும்பாலான விண்மீன்களை விழுங்கிவிட்டாலும், அது மட்டும் வெண்மஞ்சளாக, கண்சிமிட்டாமல் நிற்கும். கீழே ஜொகூர் நீரிணையின் அலை தூண்களைத் தட்டித் தட்டிப் போகும். கண்ணுக்குத் தெரியாதது இதைவிட அழகு. வியாழனின் பாதையிலேயே, சூரியனிலிருந்து பார்த்தால் அதற்கு 60 பாகை முன்னும் 60 பாகை பின்னும், ஆயிரக்கணக்கான ட்ரோஜன் சிறுகோள்கள் கூடவே வருகின்றன. அவை அசையாமல் நிற்பவை அல்ல. ஒரு கல் தன் இடத்தை விட்டு மெல்ல வழுக்கும். பம்பரத்தைச் சுழற்சி சாயாமல் நிறுத்தி வைப்பதுபோல, சுற்றிவரும் ஓட்டமே அதன் வழியை வளைத்துத் திருப்பிக் கொண்டுவரும். இப்படி ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 150 ஆண்டுகள். எத்தனை நிதானமான அசைவு!

இதே நிதானத்தை வானியலாளர்கள் தொலைவிலும் தேடுகிறார்கள். சுமார் 400 ஒளியாண்டுக்கு அப்பால், பிடிஎஸ் 70 என்ற இளம் விண்மீனின் கோள் ஒன்று செல்லும் பாதையில், மங்கலான தூசித் திட்டு ஒன்று இருப்பதற்கான அறிகுறியைச் சிலியின் அல்மா தொலைநோக்கி காட்டியது. 2023இல் அந்தச் செய்தி வெளிவந்தது. அது கோளோடு சேர்ந்தே நகர்கிறதா என்று உறுதி செய்யப் பல ஆண்டுகள் பொறுத்துப் பார்க்க வேண்டும். விண்மீன் தன் கோளைவிட ஏறத்தாழ 25 மடங்குக்கு மேல் கனமாக இருந்தால், 60 பாகை முன்னும் பின்னும் உள்ள அந்த இடங்கள் நிலைக்கும் என்கிறது கணக்கு. பெரியதன் பாதையில் மோதாமலும் விலகாமலும் சிறியது கோடிக்கணக்கான ஆண்டுகள் உடன்வர முடியும் என்பதற்கு நம் சூரியக் குடும்பமே சாட்சி.