மேசைமேல் ஓடும் முதலை

ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859-இல் தொடங்கிய மார்க்லின் நிறுவனம், முதலில் செய்தது தகரத்தாலான பொம்மைச் சமையல் சாமான்கள். 1891-இல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை, எட்டு வடிவத் தண்டவாளத்தோடு காட்சிக்கு வைத்தது. தண்டவாள அகலத்துக்கு அது வகுத்த அளவுகளை மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். பெட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கும் பழக்கத்துக்கு வழி பிறந்தது.

சேகரிப்பவர்கள் விரும்பித் தேடுவது 'முதலை'.

சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் மலைப்பாதையில் சரக்கு இழுத்த பச்சை மின் எஞ்சின் அது. மார்க்லின் பொம்மையாக 87-இல் ஒரு பங்காகச் சுருங்கினாலும் உடம்பு மூன்று துண்டுதான்; நடுவில் ஓட்டுநர் அறை, இருபுறமும் நீண்ட மூக்கு. வளைவில் மூக்குகள் தனித்தனியே திரும்ப, சக்கரங்களைப் பிணைக்கும் தண்டுகள் மேலும் கீழுமாக ஓயாமல் சுழல்கின்றன.

1972-இல் மார்க்லின் கொண்டுவந்த, இன்னும் சிறிய இசட் அளவில் தண்டவாள அகலம் 6.5 மி.மீ.தான். முழு ரயில் நிலையமும் சூட்கேசுக்குள் அடங்கிவிடும்.