ஆயுத மேம்பாடு: ராக்னராக்கும் கென்ஷினும்

இணையப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஆயுத மேம்பாடு உழைப்பின் பலனாகவே பேசப்படுகிறது. 2002-இல் தென்கொரியாவில் வெளியான 'ராக்னராக் ஆன்லைன்' விளையாட்டின் தொடக்ககால வடிவில், நான்காம் தர ஆயுதத்தை +4 வரை பயமின்றி மெருகேற்றலாம். அதற்குமேல் முயன்று தோற்றால் ஆயுதமே உடைந்துவிடும். விதி கடுமையானது, ஆனால் எல்லை முன்பே தெரியும், எங்கே நிறுத்துவது என்பது வீரரின் முடிவு.

2020-இல் வந்த 'கென்ஷின் இம்பேக்ட்' விளையாட்டில் ஆயுதம் உடைவதில்லை. ஆனால் ஆயுதக் குலுக்கலில் ஐந்து நட்சத்திர ஆயுதம் கிடைக்க அடிப்படை வாய்ப்பு 0.7% மட்டுமே. அதை முழுமையாக மெருகேற்ற, அதே ஆயுதம் இன்னும் நான்கு வேண்டும். பொறுமையில்லாதவர் பணம் கட்டிக் குலுக்கலாம்.

தாம்பரம் மின்சார ரயிலில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் மாணவருக்கு இரண்டாவதே மென்மையாகத் தோன்றும். முன்னதில் போவது விளையாட்டு வாள். பின்னதில் போவது வீட்டுப் பணமாகவும் இருக்கலாம்.